57-ஆ, 61-ஆ? ஒரு மீனவரின் வயசுக் கதை

1/
போன வாரம் புளோரிடாவில் இருக்கும் என் அத்தை பையன் ஒரு போட்டோ அனுப்பினான். எழுபது வயசு தாண்டிய ஒரு பெரியவர், கடல் பாலத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து தூண்டில் போடுறார். "இங்க பொழுதுபோக்குக்கு மீன் பிடிக்கவே லைசென்ஸ் வாங்கணும். ஆனா 65 வயசு ஆன உள்ளூர்க்காரங்களுக்கு அது வேண்டாம். வயசையும் விலாசத்தையும் காட்டுற அட்டை கையில இருந்தா போதும்"னு எழுதியிருந்தான்.

படிச்சதும் என் பேஷன்ட் ஒருத்தர் ஞாபகம் வந்தார். வயசு கூடினா சலுகைன்னு அங்க சொல்றாங்க. இவர் வயசு கூடினது யாருக்கும் தெரியக்கூடாதுன்னு ஒரு விரலையே இழந்தவர். கொஞ்சம் நீளமான த்ரெட். நேரம் இருக்கும்போது படிங்க.

2/
நான் ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில ஒரு அரசு மருத்துவமனையில வேலை பார்க்கிறேன். இந்தப் பெரியவர்கிட்டயும் அவர் மனைவிகிட்டயும் கேட்டுட்டுத்தான் எழுதுறேன். ஊர், பேர் வேண்டாம். "எழுதுங்க தாயி, நாலு பேரு தெரிஞ்சுக்கிறட்டும்"னு அந்தம்மா சொன்னாங்க. பெரியவர் தலையை மட்டும் ஆட்டினார். அவர் பொதுவா அவ்வளவுதான் பேசுவார்.

3/
2025 பிப்ரவரி. சுகர், பிரஷர் ஓபி நாள். வெளியில நூத்தி ஐம்பது பேர் நிக்கிறாங்க. இவர் தலை சுத்துதுன்னு வந்தார். பிபி 180/110. சுகர் 290. ஓபி சீட்டுல வயசு 57. ஆளைப் பார்த்தா அறுபத்தஞ்சு சொல்லலாம். ஆனா கடல்ல வெயிலும் உப்பும் பட்ட முகத்துல வயசைக் கணக்குப் போட முடியாது. நாப்பது வயசுக்காரருக்கும் கண்ணோரம் அந்தச் சுருக்கம் இருக்கும். நான் யோசிக்கல.

4/
டார்ச் அடிச்சுப் பார்த்தா ரெண்டு கண்ணுலயும் புரை. மூணு மீட்டர் தள்ளி நின்னு விரலைக் காட்டினேன். எத்தனைன்னு சொல்லத் தெரியல. "என்ன வேலை பார்க்கிறீங்க ஐயா?"ன்னு கேட்டேன். "வள்ளத்துல பங்குக்குப் போறேன் டாக்டரம்மா. ராத்திரி வலை."

எனக்குக் கோபம் வந்துருச்சு. "இந்தக் கண்ணை வச்சுக்கிட்டு, இந்த பிரஷரை வச்சுக்கிட்டு ராத்திரி கடலுக்குப் போறீங்களா? இனிமே போகக் கூடாது"ன்னு சத்தமா சொன்னேன். நோட்டுலயும் எழுதினேன்.

5/
அவர் அந்த நோட்டை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். "என்ன எழுதிருக்கீக?"ன்னு கேட்டார். "கடலுக்குப் போகக் கூடாதுன்னு எழுதியிருக்கேன்"னு சொல்லிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

மொத்தம் மூணு நிமிஷம் இருக்கும். நான் சரியான மருத்துவ ஆலோசனைதான் சொன்னேன்னு அன்னைக்கு நினைச்சேன். அடுத்த மாசம் மாத்திரை வாங்க அவர் வரல. அதுக்கு அடுத்த மாசமும் வரல. நூத்தி ஐம்பது பேர்ல ஒருத்தர் வரலைன்னா யாருக்குத் தெரியப் போகுது?

6/
ஜூன் முதல் வாரம். கிழக்குக் கடற்கரையில ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் கரையில கட்டிக் கிடக்கும். நாட்டுப்படகுக்குத் தடை கிடையாது, அதனால அந்த ரெண்டு மாசம் வள்ளத்துக்காரங்களுக்குக் கொஞ்சம் மீன்பாடு இருக்கும். வயசானவங்களும் விடாம போவாங்க.

அப்படிப் போன ஒரு ராத்திரி வலையில திருக்கை மாட்டியிருக்கு. நல்ல கண்ணு இருக்கிறவங்க வாலைப் பார்த்து ஒதுக்கிடுவாங்க. இவருக்குத் தெரியல. இடது கை மோதிர விரல்ல முள்ளு ஏறிடுச்சு.

7/
இவர் ஆஸ்பத்திரிக்கு வந்தது அஞ்சாவது நாள். அதுவரைக்கும் சுண்ணாம்பு, மஞ்சள், துணிக்கட்டு. கட்டைப் பிரிச்சா விரல் கறுத்துப் போயிருந்துச்சு. புறங்கை முழுக்க வீக்கம். சுகர் 410. நாலு மாசமா ஒரு மாத்திரைகூடப் போடல.

ஊசி, மருந்து எல்லாம் ஆரம்பிச்சு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பினோம். அங்க விரலை எடுத்துட்டாங்க. கையைக் காப்பாத்தினாங்க. உயிரையும்தான்.

8/
நடுவுல ஒரு மருத்துவக் குறிப்பு. கடற்கரைக்காரங்க சேமிச்சு வச்சுக்கோங்க.

திருக்கை முள்ளு குத்தினா, தாங்கக்கூடிய சூட்டுல வெந்நீர்ல அந்த இடத்தை அரை மணி நேரத்துல இருந்து ஒன்றரை மணி நேரம் வரைக்கும் முக்கி வைங்க. அந்த விஷம் சூட்டுல வீரியம் குறையும், வலியும் அடங்கும். சுகர் இருக்கிறவங்களுக்குச் சூடு உறைக்காம போகலாம், அதனால வேற ஒருத்தர் கையை விட்டுப் பார்த்துட்டுத்தான் முக்கணும். இறுக்கிக் கட்டாதீங்க. சுண்ணாம்பு வைக்காதீங்க. முள்ளு ஆழமா இருந்தாலோ, நெஞ்சுலயோ வயித்துலயோ குத்தியிருந்தாலோ பிடுங்காம அப்படியே வாங்க. டிடி ஊசி போட அன்னைக்கே வந்துருங்க.

9/
சுகர் இருக்கிறவங்களும் கல்லீரல் நோய் இருக்கிறவங்களும் இன்னும் கவனமா இருக்கணும். கடல் தண்ணியில விப்ரியோன்னு ஒரு கிருமிக் குடும்பம் இருக்கு. நல்ல உடம்புல சின்னக் காயமா ஆறிப்போறது, இவங்க உடம்புல ஒண்ணு ரெண்டு நாள்ல கை காலையே அழுக வைக்கும். கடல்ல பட்ட காயம், சிவந்து வீங்குது, காய்ச்சல் வருதுன்னா காலையில பார்த்துக்கலாம்னு இருக்காதீங்க. கதைக்கு வருவோம்.

10/
திரும்பி வந்து எங்ககிட்டதான் டிரெஸ்ஸிங். ஒரு நாள் கூட்டம் குறைஞ்ச மதியம், நானே கட்டுப் பிரிச்சுக்கிட்டே கேட்டேன். "ஏன் ஐயா மாத்திரை வாங்க வரவே இல்ல?"

பதில் இல்ல. பக்கத்துல நின்ன மனைவிதான் சொன்னாங்க. "நீங்க எழுதிக் குடுத்த நோட்டைக் கிழிச்சுக் கடல்ல போட்டாக தாயி. அது ஆபீசுக்குப் போயிரும், கார்டைப் புடுங்கிருவாக, படகுல ஏத்த மாட்டாகன்னு பயம்."

11/
கட்டுப் போட்டுக்கிட்டிருந்த என் கை நின்னுருச்சு. நான் எழுதினது எச்சரிக்கை. அவர் படிச்சது உத்தரவு. அரசு ஆஸ்பத்திரி, அரசு சீல், அரசு மேசைக்குப் பின்னாடி உட்கார்ந்து ஒருத்தி சத்தமா "போகக் கூடாது"ன்னா, அவருக்கு நான் டாக்டர் இல்ல. ஸ்டெதஸ்கோப் போட்ட ஆபீசர்.

ஒண்ணு எல்லாரும் தெரிஞ்சுக்கோங்க. உங்க ஓபி நோட்டை நாங்க எந்த ஆபீசுக்கும் அனுப்புறது இல்ல. உங்க நோய் உங்களுக்கும் எங்களுக்கும் நடுவுல மட்டும்தான்.

12/
அந்தம்மா அதோட நிறுத்தல. "இன்னொண்ணும் இருக்கு. இவுக வயசு அம்பத்தேழு இல்ல."

பெரியவர் திரும்பி முறைச்சார். "சும்மா இரு." அந்தம்மா விடல. "வெரலே போயிருச்சு. இனி என்னத்தை மறைக்கிறது? புயலுக்கு முன்னாடி பொறந்தவுக இவுக."

ராமேஸ்வரம் பக்கத்துல 'புயல்'னு மொட்டையா சொன்னா ஒரே புயல்தான். 1964 டிசம்பர் 22 ராத்திரி. தனுஷ்கோடி அழிஞ்ச புயல். பாம்பனில் இருந்து வந்த ரயிலை, உள்ளே இருந்த நூத்துக்கும் மேற்பட்டவங்களோட கடல் கொண்டுபோன ராத்திரி.

13/
இவர் அப்போ தவழ ஆரம்பிச்ச பிள்ளையாம். இவர் ஆத்தா சேலையால இடுப்போட கட்டிக்கிட்டு, விடியுற வரைக்கும் கோயில் சுவரைப் பிடிச்சு நின்னாங்களாம். அந்தக் கதையை மாமியார் சாகிற வரைக்கும் சொல்லுவாங்கன்னு அந்தம்மா சொன்னாங்க.

தவழுற பிள்ளைன்னா ஆறேழு மாசம். அப்போ 1964 நடுவுல பிறந்திருக்கணும். ஆதார் அட்டையில 1968-ன்னு இருக்கு. நான் மனசுக்குள்ள கூட்டிப் பார்த்தேன். 57 இல்ல, 61.

14/
1968 எங்க இருந்து வந்துச்சு? யாரும் ஏமாத்தல. அட்டை எடுக்கும்போது வயசு கேட்டிருக்காங்க. "நாப்பத்தி மூணு இருக்கும்"னு இவர் உத்தேசமா சொல்லியிருக்கார். அங்க இருந்தவர் 2011-ல இருந்து 43-ஐக் கழிச்சு அடிச்சிட்டார். பிறந்த தேதி தெரியாதவங்களுக்கு வெறும் வருஷம், இல்லைன்னா ஜனவரி 1. நம்ம ஓபியில ஜனவரி 1-ல பிறந்தவங்க எவ்வளவு பேர்னு நீங்க பார்க்கணும்.

பிறப்பு, இறப்பு பதிவுச் சட்டமே 1969-லதான் வந்துச்சு. அதுக்கு முன்னாடி வீட்டுலயே பிறந்த பிள்ளைக்குப் பிறப்புச் சான்றிதழ் எதிர்பார்க்கிறது நம்ம தப்பு.

15/
அது தெரியாம நடந்த தப்பு. ஆனா மறைச்சது தெரிஞ்சே மறைச்சது. ஏன்?

பக்கத்து வீட்டுக்காரர் ஒருத்தருக்கு 60 முடிஞ்சதும் சேமிப்பு நிவாரணப் பட்டியல்ல இருந்து பேரை எடுத்துட்டாங்க. அந்த ஒரு செய்தி ஊருக்குள்ள ஒவ்வொரு வாயா மாறி, "அறுபது ஆனா மீனவர் கார்டு போயிரும், லைசென்ஸ் கிடையாது, கடலுக்கே போகக் கூடாது"ன்னு ஆயிருச்சு. இவர் அதை நம்பிட்டார். அட்டையில இருந்த தப்பு இவருக்கு வசதியா ஆயிருச்சு.

16/
கட்டுப் போட்டு முடிச்சதும் முதல்முறையா அவரே வாயைத் திறந்தார். "டாக்டரம்மா, வயசுச் சான்று நீங்கதான குடுப்பீக? அம்பத்தேழுன்னே எழுதிக் குடுத்துருங்க."

மனைவி உடனே, "தாயி, உள்ளத எழுதுங்க. அறுபது தாண்டிருச்சுன்னா பென்ஷனாவது கேக்கலாம்."

ஒரே ஆளுக்கு ரெண்டு வயசு. ரெண்டு பேரும் என் பேனாவையே பார்க்கிறாங்க.

17/
உண்மையைச் சொல்றேன். அந்த நேரம் என் மனசு 57 பக்கம்தான் சாய்ஞ்சது. விரலை இழந்துட்டு உட்கார்ந்திருக்கார். அதுல எனக்கும் பங்கு இருக்கு. அட்டையில ஏற்கெனவே இருக்கிற வயசுதானே, ஒரு கையெழுத்துதானேன்னு தோணுச்சு.

ஆனா தெரிஞ்சே பொய்ச் சான்று எழுதுறது சட்டப்படி குற்றம். டாக்டருக்கு அது தொழில் ஒழுக்கக் கேடும்கூட, பதிவே போகும். அதைவிட, எழுதிக் குடுத்தா அவருக்கு நல்லதா கெட்டதான்னே எனக்குத் தெரியல. "ரெண்டு நாள் டைம் குடுங்க ஐயா, விசாரிச்சுச் சொல்றேன்"னு அனுப்பினேன்.

18/
இன்னொரு விஷயமும் இருக்கு. டாக்டர் எக்ஸ்ரே எடுத்தா வயசு துல்லியமா தெரிஞ்சிரும்னு பல பேர் நினைக்கிறாங்க. எலும்பு முனைகள் ஒட்டுறதை வச்சு, கிட்டத்தட்ட 25 வயசு வரைக்கும் ஓரளவு நெருங்கிச் சொல்லலாம். அதுக்கு மேல மண்டையோட்டுத் தையல், இடுப்பெலும்பு, பல் தேய்மானம்னு பார்த்தாலும் பத்து வருஷம் முன்னபின்ன ஆகும். 57-க்கும் 61-க்கும் நடுவுல கோடு போட எந்த எலும்புக்கும் தெரியாது.

அந்தம்மா சொன்ன புயல் கதை என் எக்ஸ்ரேயைவிட நல்ல சாட்சி. மக்கள்தொகை ஆய்வுகள்லயும், வயசு தெரியாதவங்ககிட்ட புயல், பஞ்சம், தேர்தல் மாதிரி ஊர் நிகழ்ச்சிகளைச் சொல்லித்தான் கணக்குப் போடுவாங்க.

19/
அடுத்த நாள் மதியம் டூட்டி முடிஞ்சு மீன்வளத் துறை அலுவலகத்துக்குப் போனேன். அங்க இருந்த அதிகாரி நான் கேட்டதுக்கெல்லாம் பொறுமையா பதில் சொன்னார். ஆறு வருஷமா கடற்கரையில வேலை பார்க்கிறேன், எனக்கே இது எதுவும் தெரியாது. அவர் சொன்னதையும் அப்புறம் நான் சரிபார்த்ததையும் ஒண்ணொண்ணா எழுதுறேன். உங்க ஊர்ப் பெரியவங்களுக்கு வாசிச்சுக் காட்டுங்க.

20/
ஒண்ணு. லைசென்ஸ் ஆளுக்கு இல்ல, படகுக்கு. 1983-ல வந்த தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டப்படி படகைப் பதிவு செய்யணும், அதுக்கு மீன்பிடி உரிமம் வாங்கணும். கரையில இருந்து 3 கடல் மைல் வரைக்கும் நாட்டுப்படகுகளுக்குன்னு ஒதுக்கினதும் அந்தச் சட்டத்தின் கீழதான். படகுல பங்குக்குப் போற ஆளுக்குத் தனியா லைசென்ஸ் கிடையாது. 60 ஆனா கடலுக்குப் போகக் கூடாதுன்னும் எங்கயும் இல்ல.

இவர் பயந்த லைசென்ஸ், இவர்கிட்ட எப்பவுமே இருந்தது இல்ல.

21/
ரெண்டு. மீனவர் அடையாள அட்டை, இவர் மீனவர்னு சொல்ற அட்டை. கடலுக்குப் போகும்போது கையில இருக்கணும், பாதுகாப்புச் சோதனையில காட்டணும். அது 60-வது பிறந்தநாளோட செத்துப்போற அட்டை இல்ல.

மூணு. தடைக்கால நிவாரணம். 5,000 ரூபாயா இருந்தது இப்போ 8,000. இது கடல் மீனவக் குடும்பத்துக்குத் தர்ற தொகை.

22/
நாலு. சேமிப்பு மற்றும் நிவாரணத் திட்டம். வயசு வரம்பு உண்மையிலேயே இருக்கிறது இங்கதான். 18-ல இருந்து 60 வரைக்கும். மீனவர் தன் பங்கா 1,500 ரூபாய் கட்டணும். மத்திய அரசு 1,500, மாநில அரசு 1,500 சேர்த்து மொத்தம் 4,500-ஆ மீன்பாடு இல்லாத மாசங்கள்ல திரும்பி வரும். பக்கத்து வீட்டுக்காரர் பேரை எடுத்தது இந்தப் பட்டியல்ல இருந்து. இதுல இருந்து மட்டும்தான்.

23/
அஞ்சு. விபத்துக் காப்பீடு. பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தின் கீழ மீனவர்களுக்குக் குழு விபத்துக் காப்பீடு இருக்கு. 18-ல இருந்து 70 வயசு வரைக்கும். விபத்துல இறந்தாலோ நிரந்தரமா முழுசா முடங்கினாலோ 5 லட்சம், நிரந்தரப் பகுதி ஊனத்துக்கு 2.5 லட்சம், விபத்துல அடிபட்டு ஆஸ்பத்திரியில சேர்ந்தா 25,000 வரைக்கும். பிரீமியம் மீனவர் கட்ட வேண்டாம், அரசே கட்டுது. பட்டியல்ல உங்க பேர் இருக்கான்னு சங்கத்துலயோ மீன்வளத் துறை அலுவலகத்துலயோ கேட்டு வச்சுக்கோங்க. அடிபட்டதுக்கு அப்புறம் கேக்காதீங்க.

24/
ஆறு. முதியோர் ஓய்வூதியம். 60 வயசு முடிஞ்ச, வருமானமும் ஆதரவும் இல்லாத ஏழைகளுக்கு மாசம் 1,200 ரூபாய். 2023-லதான் 1,000-ல இருந்து ஏத்தினாங்க. இ-சேவை மையத்துல விண்ணப்பிக்கலாம். தகுதி இருக்கா இல்லையான்னு முடிவு பண்றது சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர், டாக்டர் இல்ல.

25/
இப்போ கணக்குப் போடுங்க. 57-ஆவே இருந்தா சேமிப்புத் திட்டத்துல வருஷத்துக்குக் கிடைக்கிறது 4,500. அதுல 1,500 அவர் சொந்தக் காசு. அரசு தர்றது 3,000.

61-ன்னு சொல்லி, பென்ஷனும் கிடைச்சா வருஷத்துக்கு 14,400.

3,000 ரூபாயைக் காப்பாத்துறதுக்காக 14,400 ரூபாய் கேக்குற உரிமையை மறைச்சு வச்சிருந்தார். அதே பயத்துல பிரஷர் மாத்திரையை விட்டார், சுகர் மாத்திரையை விட்டார், கடைசியில விரலை விட்டார்.

26/
ரெண்டு நாள் கழிச்சு ரெண்டு பேரையும் உட்கார வச்சு இதையெல்லாம் ஒரு பேப்பர்ல எழுதி விளக்கினேன். பெரியவர் ரொம்ப நேரம் அந்தப் பேப்பரையே பார்த்துக்கிட்டிருந்தார். அப்புறம் சொன்னார். "காசுக்காக மட்டும் மறைக்கலம்மா. அறுபதுன்னு தெரிஞ்சா அரைப்பங்குதான் குடுப்பாக. அப்புறம் வள்ளத்துக்கே கூப்பிட மாட்டாக. கரையில உக்காந்து வலை பொத்துற கெழவனாயிருவேன்."

இதுக்கு என்கிட்ட திட்டமும் இல்ல, மாத்திரையும் இல்ல. நான் எதுவும் சொல்லல. அந்தம்மாதான், "வலை பொத்துனா என்ன, அதுவும் வேலைதான"ன்னாங்க.

27/
சரி, வயசை எப்படி நிரூபிக்கிறது? "பள்ளிக்கூடம் போனீங்களா ஐயா?"ன்னு கேட்டேன். "மூணாப்பு வரைக்கும். வாத்தியார் தலைக்கு மேல கையைப் போட்டுக் காதைத் தொடச் சொன்னாரு. தொட்டேன், சேத்துக்கிட்டாரு."

வயசுத் தகராறுல பள்ளிச் சான்றிதழுக்கு எடை அதிகம். ஆதார் அட்டை பிறந்த தேதிக்கு ஆதாரம் இல்ல, பள்ளிச் சான்றைப் பார்க்கணும்னு 2024-ல உச்ச நீதிமன்றமே ஒரு விபத்து இழப்பீட்டு வழக்குல சொல்லியிருக்கு. அவரோட ஊராட்சி ஒன்றியப் பள்ளிக்கு மகனை அனுப்பச் சொன்னேன். தலைமையாசிரியை ரெண்டு நாள் தேடி பழைய சேர்க்கைப் பதிவேட்டை எடுத்துக் கொடுத்தாங்க.

28/
பிறந்த தேதி: 1.6.1964.

அந்த ஜூன் 1 வாத்தியார் வச்ச தேதியாத்தான் இருக்கும். நம்ம வீட்டு அப்பாக்கள், தாத்தாக்கள் பாதிப் பேர் ஜூன் மாசம் பிறந்தவங்கதானே! ஆனா வருஷம், ஆத்தா சொன்ன புயல் கதையோட பொருந்துது. டிசம்பர்ல ஆறேழு மாசப் பிள்ளை. தவழுற பிள்ளை.

அந்தப் பள்ளிச் சான்றை வச்சு ஆதார்ல திருத்த விண்ணப்பிச்சாங்க. பிறந்த தேதியைப் பொதுவா ஒரே ஒரு தடவைதான் திருத்த விடுவாங்க, அதனால உத்தேசமா எதையும் கொடுத்துறாதீங்க. நான் எழுதின சான்றுல 57-ம் இல்ல, 61-ம் இல்ல. "பரிசோதனையில் 60 வயதைக் கடந்தவராகத் தெரிகிறார், துல்லியமான வயதுக்குப் பள்ளிப் பதிவேட்டைப் பார்க்கவும்" என்பதுதான் நான் எழுதியது. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்.

29/
செப்டம்பர்ல சுகர் கட்டுக்குள்ள வந்ததும் வலது கண்ணுக்குப் புரை ஆபரேஷன். அரசு மருத்துவமனையில இலவசம். பிரஷர், சுகர் மாத்திரை இப்போ மக்களைத் தேடி மருத்துவம் மூலமா வீட்டுக்கே போகுது. ஆபரேஷன் முடிஞ்சு வந்தவர் முதல் கேள்வியா, "இப்பப் போலாமா டாக்டரம்மா?"ன்னார்.

இந்த முறை நான் "கூடாது"ன்னு எழுதல. ஆறு வாரம் கண்ணுல கடல் தண்ணி படக் கூடாது. அதுக்கப்புறம், இன்னொரு கண்ணும் சரியாகிற வரைக்கும் ராத்திரி வேண்டாம். தனியா வேண்டாம். மாத்திரை போடாத அன்னைக்கு வேண்டாம். நோட்டுல எழுதி, வாசிச்சுக் காட்டி, "இது உங்களுக்கு மட்டும்தான், ஆபீசுக்குப் போகாது"ன்னும் சொன்னேன். நோட்டை மடிச்சு மடியில வச்சுக்கிட்டார்.

30/
எல்லாம் சுபமா முடிஞ்சிருச்சுன்னு சொல்ல மாட்டேன். பென்ஷன் விண்ணப்பம் இன்னும் பரிசீலனையில இருக்கு. வள்ளத்துல இப்போ அரைப்பங்குதான், அவர் பயந்த மாதிரியே. விரல் வரப்போறது இல்ல.

போன வாரம் ஓபியில சீட்டு போடுற பொண்ணு சத்தமா "வயசு?"ன்னு கேட்டது உள்ள கேட்டுச்சு. கொஞ்ச நேரம் பதிலே இல்ல. அப்புறம் அவர் குரல். "அறுபத்தொண்ணு."

31/
உங்களுக்கு மூணு வேண்டுகோள்.

வீட்டுல இருக்கிற பெரியவங்க ஆதார், வாக்காளர் அட்டை, குடும்ப அட்டை, மீனவர் அட்டை எல்லாத்தையும் எடுத்து ஒரே வயசு இருக்கான்னு பாருங்க. இல்லைன்னா 58, 59-லயே பள்ளிப் பதிவேட்டைத் தேடுங்க.

"அறுபது ஆனா இது போயிரும், அது போயிரும்"னு யார் சொன்னாலும், எது போகும் எது வரும்னு நேரா ஆபீஸ்ல போய்க் கேளுங்க.

டாக்டர்கிட்ட வயசையும் வேலையையும் மறைக்காதீங்க.

32/
நாலாவது, என்னை மாதிரி டாக்டர்களுக்கு. "வேலைக்குப் போகாதீங்க"ன்னு சொல்றது ரொம்ப சுலபம். அந்த வேலை போனா அவர் எதைச் சாப்பிடுவார்னு ஒரு கேள்வி கேக்க ஒரு நிமிஷம்தான் ஆகும். பிப்ரவரியில அந்த ஒரு நிமிஷத்தை நான் செலவு பண்ணல.

கடற்கரையில உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராவது இருந்தா அவங்களுக்கு அனுப்புங்க. படிக்கத் தெரியாதவங்களா இருந்தா வாசிச்சுக் காட்டுங்க.